பாதிப்பாதி கார்

ஜூன் 9, 1987. செவ்வாய்

விடியலில் பெருங்காற்று, மழை. எட்டு மணிக்கெல்லாம் வெயில். கோல சிலாங்கூர் டாக்சி ஸ்டாண்டில் கணுக்கால் வரை தண்ணீர். கிள்ளானுக்கு இரண்டு நடை மட்டும். கீழ்ப்பல் வலி.

பெர்மிட் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். எத்தனையாவது தடவை, தெரியாது. என் பெயர், அப்பா பெயர், ஒரு பிழை இல்லை. பதினோரு வருடம் முதலாளி தௌக்கேயின் பெர்மிட், தௌக்கேயின் கார். இப்போது என் பெயரில். ஆறாங்கட்டைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து டாக்சி பெர்மிட் வாங்கிய முதல் ஆள் நான்தான். வெளியே சொன்னால் தலைக்கனம் என்பார்கள். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். முதல் ஆள் நான்தான்.

கடைசி வரியில்தான் கெடு. 24ஆம் தேதிக்குள் காரைச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இல்லையென்றால் பெர்மிட் அடுத்த ஆளுக்கு.

என்ன கார்?

1. புதிதாக வந்திருக்கும் நம் மலேசியக் கார். பெட்ரோல். அழகு. கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை. பார்த்தாலே ஆசை. கிள்ளான், தஞ்சோங் காராங் என்று நாள் முழுக்க ஓடினால் பெட்ரோலுக்கே போய்விடும்.

2. பழைய ஜெர்மன் டீசல். ஸ்டாண்டில் பெருமாள் அண்ணன் வைத்திருப்பது. ராஜா மாதிரி போகும். சாமான் ஒன்று மாற்ற வேண்டுமென்றால் கோலாலம்பூர் போக வேண்டும்.

3. பாசிர் பெனம்பாங்கில் ஆ செங் ஏதோ செய்து வைத்திருக்கிறானாம். பார்க்க வேண்டும்.

சரசுவிடம் சொன்னேன். "மூணாவதையும் பார்த்துட்டு வந்து பேசுங்க" என்றாள். தோட்டத்து ஸ்டோரில் டிராக்டர்களுக்கு டீசல் எண்ணெய் அளந்து ஊற்றுகிறவள், பதினாறு வருடமாக. வீட்டுக்காரி என்பதால் அபிப்பிராயம் கேட்டேன். மற்றபடி கார் நம் விஷயம்.

ஜூன் 10, புதன்

வெயில். பாலம் தாண்டி பாசிர் பெனம்பாங். கருவாட்டு வாடை.

ஆ செங் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். பட்டறைக்குப் பின்னால் ஆறு. காட்டினான். ஜப்பான் கார், நான் பதினோரு வருடம் ஓட்டும் அதே மாடல், அதே நிறம்கூட. பானெட்டைத் திறந்தால் உள்ளே வேறு உயிர். ஒரு சின்ன வேனின் டீசல் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறான். காரின் பதிவுப் பத்திரமான கிராண்டைக் காட்டினான், எஞ்சின் நம்பர் மாற்றிப் பதிந்திருக்கிறது, டீசல் என்று போட்டிருக்கிறது. எல்லாம் சட்டப்படி.

நானும் அவனும் மலாயில் பேசுவோம். கோபம் வந்தால் அவன் சீனத்துக்கும் நான் தமிழுக்கும் போய்விடுவோம். இன்று கோபம் இல்லை.

"வழியில் நின்றுபோகுமா?" என்று கேட்டேன். நெஞ்சில் தட்டிக்கொண்டான். "நான் எஞ்சின் வைக்கிறது படகுக்கு. நடுக்கடல்ல நின்னா ஆள் செத்துப்போவான். இருபது வருஷம், ஒருத்தனும் சாகல."

காருக்கு ஏன் வைத்தாய் என்றால், வைக்க முடியுமா என்று பார்க்கத்தான் என்கிறான். அவன் முகத்தில் இருந்த பெருமை எனக்குப் பிடித்திருந்தது. வேலைப் பெருமையில் நம் சாதி.

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்றான். தௌக்கேயின் காரை அதுவரை விடுவதற்கு அவரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 12, வெள்ளி

தௌக்கே சரி என்றார். அவர் காருக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார். பதினோரு வருடத்துக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார், அதுவும் சீனி இல்லாமல். பரவாயில்லை, நல்ல மனிதர்.

ஸ்டாண்டில் விஷயம் பரவிவிட்டது. பெருமாள் அண்ணன் தொடையில் தட்டிச் சிரிக்கிறார். "ஒடம்பு ஜப்பான், உசுரு வேனு. மணியம், நீ வாங்கப் போறது காரா, கலப்படமா?"

"ஓடுதான்னு பாருங்கண்ணே, அப்புறம் சிரிங்க."

"ஓடும் லா. எந்தப் பக்கம்னுதான் தெரியல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். பாதிப்பாதி கார் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பல் பிடுங்க வேண்டும். ஒத்திப்போட்டேன்.

ஜூன் 13, சனி

மப்பு. மழை இல்லை.

நேற்று மாலையே காரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஸ்டாண்டில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று இன்று ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்தேன். டடடடவென்று லயமே அதிர்ந்தது. ஒவ்வொரு வாசலிலும் விளக்கு. தூக்குச் சட்டியும் கையுமாகப் பொம்பளைகள் ஓடி வருகிறார்கள், தலைத்துணியைக் கட்டிக்கொண்டே. தோட்டத்து லோரி சீக்கிரமே வந்துவிட்டது என்று! கடைசி வீட்டு அஞ்சலை பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தே விட்டாள்.

காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் மண்டோர் பனியனோடு வந்து, "என்னய்யா மணியம், பெரட்டுக்கு நான் ஆள் கூப்பிடணுமா, நீ கூப்பிடுறியா?" என்று கத்தினார். நாளையிலிருந்து தள்ளிக்கொண்டு போய் ரோட்டில் ஸ்டார்ட் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

சரசு வாசல்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

கார்: கிளட்ச் கனம். மேட்டில் இழுப்பு நன்று. சத்தம் சத்தம்தான்.

ஜூன் 14, ஞாயிறு

பாரம் ஏற்றிச் சோதனை. தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாணம், நான்கு பேர், அரிசி மூட்டை இரண்டு, அண்டா ஒன்று, வாழைக்குலை மேலே கட்டி. தோட்டத்துச் செம்மண் பாதை வழியாக வேண்டுமென்றே போனேன். முனகவில்லை. தௌக்கேயின் கார் என்றால் இந்நேரம் பின்பக்கம் தரையில் உரசியிருக்கும்.

அண்டாவைக் கடைசி வரை மடியில் வைத்திருந்த பெரியவர் இறங்கும்போது, "வண்டி நல்லாருக்கு தம்பி, காதுதான் ஒண்ணும் கேக்கல" என்றார்.

நல்லது: இழுப்பு, எண்ணெய்ச் செலவு (ஊசி கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது), சாமான் ஆ செங்கிடமே. கெட்டது: சத்தம், பேர்.

பேர் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. என் பெயரைக் கதவில் எழுதிக்கொண்டு ஊர் சிரிக்கும் காரை ஓட்டுவதா என்று ஒரு மனம். ஊர் என்ன எனக்குச் சோறு போடுகிறதா என்று இன்னொரு மனம். சரசு எந்தப் பக்கமும் பேசவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

நல்ல நாள். ஐந்து நடை. பெருமாள் அண்ணன்கூடக் குனிந்து பானெட்டுக்குள் பார்த்தார், யாரும் பார்க்காத நேரத்தில். முடிவு செய்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். மூன்றாவது கார்.

திரும்பும்போது புக்கிட் ரோத்தானில் எண்ணெய். இந்தக் காருக்கு முதல் தடவை. பம்பில் எப்போதும் நிற்கும் மலாய்க்காரப் பெண்தான். "பியாசா" என்று, வழக்கம்போல் என்று, சொல்லிவிட்டு எதிரே ரொட்டி வாங்கப் போனேன். ரொட்டி நேற்றையது. ஏமாற்றிவிட்டான்.

நாளை காலை பெரிய கிராணி ஐயா ஏற்பாடு. கிள்ளானில் கண் டாக்டர். முழுக் காரும் அவருக்கே. யாழ்ப்பாணத்து மனிதர், தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஏறினால் காருக்கே ஒரு மரியாதை. கழுவித் துடைத்தாயிற்று.

ஜூன் 17, புதன்

எழுதவே கை வரவில்லை.

ஜெராம் தாண்டி ஒரு மைல். எஞ்சின் ஆணியை அடிப்பதுபோல் அடிக்க ஆரம்பித்தது. வெள்ளைப் புகை. இழுப்பு இல்லை. நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் பிள்ளையாரைக் கூப்பிட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. கிராணி ஐயா வெள்ளைக் கால்சட்டையோடு ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"தம்பி மணியம், கண் டாக்குத்தர் எனக்காகக் காத்துக்கொண்டு இருப்பாரோ? மூன்று மாசத்துக்கு முந்திக் குடுத்த நாள்."

"மன்னிச்சுக்குங்க ஐயா."

"ஒரு மனிசன் எத்தினை வாகனத்தை ஒரு வாகனம் எண்டு சொல்லி வாங்கிறது!"

கடைசியில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதைப் பார்த்தேன். உட்கார இடமில்லை. எழுபது வயது.

லோரியில் கட்டி இழுத்து ஸ்டாண்டுக்கு. ஸ்டாண்டே கூடிவிட்டது. ஆ செங்குக்குக் கோப்பிக் கடையிலிருந்து போன். மோட்டார் சைக்கிளில் வந்தான். அவன் இறங்குவதற்குள் ஆரம்பித்தேன். பேசக் கூடாததெல்லாம் பேசினேன். ஏமாற்றுக்காரன் என்றேன். படகுக்காரனுக்குக் கார் எதற்கு என்றேன். இவன் வைத்த எஞ்சினை நம்பிக் கடலுக்குப் போகிறவன் பைத்தியக்காரன் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. பானெட்டைத் தொட்டுப் பார்த்தான், சூடு. "ஏன்னு தெரியல" என்றான். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்து இழுத்துட்டுப் போறேன். இல்ல உனக்கே வேணும்னா, வெலையில பாதி குடு. பேர் கெட்ட வண்டி, வேற யாருக்கும் விக்க முடியாது."

பெருமாள் அண்ணன் தன் காரில் கயிறு கட்டி என் வீடு வரை இழுத்து வந்துவிட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை கேலி இல்லை. அது கேலியைவிட மோசம்.

இன்னும் ஏழு நாள்.

ஜூன் 18, வியாழன்

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

காலை ஏழு மணி. ஆ செங் வருவதற்குள் குற்றத்தைக் கண்டுபிடித்து அவன் மூஞ்சியில் காட்ட வேண்டும் என்று எஞ்சின் அடியில் டீசல் வடிகட்டியின் திருகைத் திறந்தேன். தண்ணீர் கலந்திருக்கும் என்று என் கணிப்பு. ஒரு பால் டின்னில் பிடித்தேன். தண்ணீர் இல்லை.

சரசு வேலைக்குக் கிளம்பி வந்தவள் நின்றாள். டின்னில் விரலை விட்டாள். விரலைத் தேய்த்தாள், ஊதினாள், எனக்கு நீட்டினாள்.

"இது டீசல் இல்லைங்க."

"என்னடி சொல்றே?"

"டீசல்னா கையில வழுவழுன்னு நிக்கும். சோப்பு போட்டாலும் போகாது. பதினாறு வருஷமா இந்தக் கையோடதான் சோறு பிசையுறேன், எனக்குத் தெரியாதா? இது பாருங்க, ஊதுனதும் ஜில்லுன்னு காஞ்சு போச்சு. பாதிக்கு மேல பெட்ரோலு. மோந்து பாருங்க."

மோந்தேன். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. பதினோரு வருடம் பெட்ரோல் வாடையிலேயே இருந்த மூக்கு.

"எங்க ஊத்துனீங்க?"

பியாசா. அந்தப் பெண்ணுக்குப் பதினோரு வருடமாக இந்த முகம், இந்த மாடல், இந்த நிறம் எல்லாம் பெட்ரோல்தான். அவள்மேல் என்ன தப்பு. டீசல் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவன் ரொட்டிக்குப் போய்விட்டேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சரசுவுக்கு வேலைக்கு நேரமாகிறது, ஆனால் போகவில்லை.

மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் வந்த எண்ணம் நல்ல எண்ணமில்லை. டேங்கைக் காலி செய்து டீசல் ஊற்றினால் ஓடும். ஆ செங் பாதி விலைக்குத் தருகிறேன் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். யாருக்கும் தெரியாது. எனக்கும் சரசுவுக்கும் மட்டும்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என் முகம் தெரியாதா. "நீங்க எங்க நின்னு சத்தம் போட்டீங்க?" என்றாள்.

"ஸ்டாண்டுல."

"அப்ப அங்க நின்னுதான் சொல்லணும்."

சொல்லிவிட்டுத் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். கார் நம் விஷயம் என்று ஒன்பது நாள் முன்னால் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எஞ்சின் தெரிந்தவன் எத்தனையோ பேர். விரலால் கண்டுபிடிக்கிறவள் என் வீட்டில்தான் இருக்கிறாள்.

பத்து மணிக்கு ஆ செங் வந்தான். சொன்னேன். டின்னைக் கையில் கொடுத்தேன். மோந்தான். பிறகு சீனத்தில் நீளமாக ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை, புரியாததே நல்லது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டினான். இருவரும் சேர்ந்து டேங்கை இறக்கிக் காலி செய்தோம். வடிகட்டி புதிது. டீசல் ஊற்றிப் பம்பு அடித்து, நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. அதே டடடட. அஞ்சலை வீட்டில் கோழி சிதறி ஓடியது.

"பழைய எஞ்சின்" என்றான். "புதுசா இருந்தா செத்திருக்கும்."

முழு விலை என்று கையடித்தோம். பாதி பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

ஜூன் 19, வெள்ளி

ஸ்டாண்டுக்குப் போனேன். ஆ செங்கையும் வரச் சொல்லியிருந்தேன். காலை எட்டு மணி, எல்லாரும் இருக்கும் நேரம்.

சொன்னேன். தப்பு என் மேல், டீசல் காருக்குப் பெட்ரோல் ஊற்ற விட்டவன் நான், இந்த மனுஷன் வேலையில் ஒரு குறையும் இல்லை, நான் பேசினது அத்தனையும் பொய் என்று. தரையைப் பார்த்தேதான் சொன்னேன். கண்டுபிடித்தது என் மனைவி என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தினேன்.

பிறகு பெருமாள் அண்ணன் ஆரம்பித்தார், ஸ்டாண்டே குலுங்கிவிட்டது. "பியாசா மணியம்" என்று பெயர் வைத்தாயிற்று. இனி சாகும் வரை அதுதான். ஆ செங்கும் சிரித்தான். அவன் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பல்லையும் பிடுங்கிவிட்டேன். தைரியம் வந்த நாளிலேயே முடித்துவிடலாம் என்று.

ஜூன் 20, சனி

கிராணி ஐயா வீடு. வாசலில் நின்றே சொன்னேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கண் டாக்டர் அன்று பார்க்கவில்லை, வேறு நாள் கொடுத்திருக்கிறார், 25.

"பிழையை வந்து சொல்லுறதுக்கும் ஒரு வாகனம் வேணும் தம்பி. அது உம்மட்டை இருக்கு" என்றார். தேத்தண்ணி கொடுத்தார்கள்.

ஜூன் 22, திங்கள்

வேலைகள்: வரிப் பத்திரம் √ இன்சூரன்ஸ் √ டயர் பின்னால் இரண்டு √ மீட்டர் சீல் √ எலுமிச்சம்பழம் நான்கு √ கோயில் √

பெயர் எழுதுபவர் வந்தார். முன் கதவில் வெள்ளை எழுத்து. ஈரம் காயும் வரை லயத்துப் பிள்ளைகளைக் கிட்டே விடாமல் நானே காவல் நின்றேன். எரிபொருள் மூடி மேலே மூன்று மொழியில் டீசல் என்று எழுதச் சொன்னேன். தமிழ் எழுத்து கொஞ்சம் பெரிது. சரசு சொன்னது.

ஜூன் 24, புதன்

வெயில். சோதனை. முப்பது பேர் வரிசை.

அதிகாரி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். செய்தேன். இரண்டடி பின்னால் போனார். பானெட், கிராண்ட், எஞ்சின் நம்பர், விளக்கு, பிரேக். கீழே படுத்துப் பார்த்தார். "யார் செய்தது?" என்று கேட்டார். பாசிர் பெனம்பாங் ஆ செங் என்றேன், இன்னார் மகன் என்று சொல்கிற மாதிரி. முத்திரை விழுந்தது.

திரும்பும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே வந்தவன் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

ஜூன் 25, வியாழன்

முதல் நாள். ஐந்தே முக்காலுக்கு ஸ்டாண்டு. வரிசையில் முதல் கார் என்னுடையது.

ஆறரைக்குக் கிராணி ஐயா. முன் சீட். முழுக் கார் வேண்டாம், எல்லாரோடும் போகிறேன் என்றார். பிறகு ஒரு மலாய் டீச்சர். பிறகு கருவாட்டுக் கூடையோடு ஒரு சீன அம்மா, ஆ செங் சொல்லித்தான் வந்தாராம். மூன்று. நாலாவது ஆள் ஏறினால்தான் எடுப்போம், கிள்ளான் ஓட்டத்துக்கு ஸ்டாண்டு வழக்கம் அது.

நாலாவது ஆள் வரவில்லை. வந்தவர்கள் கதவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "இதானே நடுரோட்டுல நின்ன வண்டி?" என்று ஒரு பொம்பளை புருஷனிடம் கேட்டது காதில் விழுந்தது. பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். இன்னும் இரண்டு பேர் அப்படியே. பதினேழாம் தேதி நான் போட்ட சத்தம் ஊரெல்லாம் கேட்டிருக்கிறது. பத்தொன்பதாம் தேதி சொன்னது ஸ்டாண்டோடு நின்றுவிட்டது.

ஏழு. ஏழேகால். எனக்குப் பின்னால் பெருமாள் அண்ணன் கார், நான் போனால்தான் அவர் ஆள் ஏற்றலாம். ஹார்ன் அடிக்கவில்லை. வேறு நாள் என்றால் அடித்து என் உயிரை எடுத்திருப்பார். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கிராணி ஐயா பேப்பரைத் திருப்பித் திருப்பி அதே பக்கத்தைப் படிக்கிறார். மூன்று பேரோடு எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுத்தால் நாளைக்கும் மூன்று பேர்தான், நாளை மறுநாளும்.

ஏழரைக்கு ஆறாங்கட்டை பஸ்ஸிலிருந்து சரசு இறங்கினாள். ஸ்டோர் வேலைச் சட்டை இல்லை. தீபாவளிச் சேலை. பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தின் நடுவிலேயே நடந்து வந்து, பின் கதவைத் திறந்து, கருவாட்டுக் கூடையைக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"வேலைக்குப் போகலையா?"

"லீவு சொல்லிட்டேன்."

"கிள்ளான்ல என்ன வேலை?"

"டாக்சிக்காரருக்கு அதெல்லாம் எதுக்கு?" என்று ஸ்டாண்டே கேட்கிற மாதிரி சொன்னாள். கட்டணத்தை எண்ணி முன்னால் நீட்டினாள், கணக்காக, சில்லறையோடு. "நாலு ஆச்சு. எடுங்க."

எடுத்தேன்.